நீலக் கோடு எவ்வளவு சரி? உயரத் தரவிலிருந்து வரைந்த ஓடை வரைபடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நொய்யல், பவானி, அமராவதி ஆறுகளின் வடிநிலங்களில் (மழைநீர் வடிந்து அந்தந்த ஆற்றில் சேரும் பரப்புகளில்) ஆய்வு செய்யும் மாணவர்களும், குளங்களை மீட்க முனையும் ஊர்க் குழுக்களும், தம் தோட்டத்துப் பள்ளம் (சிற்றோடை) படத்தில் எங்கே என்று தேடும் விவசாயிகளும் என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்திருக்கிறேன்.

கம்ப்யூட்டர் போடற அந்த நீலக் கோடு எங்கிருந்துங்க வருது? யாராவது பார்த்து வரைஞ்சதா?

யாரும் பார்த்து வரைந்ததில்லை. நிலத்தைச் சிறு சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயரம் எழுதி வைத்த கோப்பே உயரத் தரவு; களத்தில் 'டெம்' என்றே சொல்கிறோம். மென்பொருள் முதலில் நீர் வெளியேற வழியில்லாமல் தனித்து நிற்கும் குழிகளை நிரப்பிவிடும். பிறகு ஒவ்வொரு கட்டத்தின் நீரும் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் மிகச் சரிவான திசையிலுள்ள ஒன்றுக்குப் போகும் என்று கொண்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலிருந்து எத்தனை கட்டங்களின் நீர் வந்து சேர்கிறது என்று எண்ணும். அந்த எண்ணிக்கை நாம் வைத்த வரம்பைத் தாண்டும் இடத்திலிருந்து நீலக் கோடு தொடங்கும்.

எனவே அந்தக் கோடு ஒரு கணிப்பு மட்டுமே. தரை இவ்வாறு இருந்தால், மனிதர் எதையும் வெட்டாமலும் மறிக்காமலும் இருந்தால், நீர் இவ்வழியே போகும் என்பதே அதன் பொருள். கொங்கு நாட்டில் நீரை வெட்டியும் மறித்தும் திருப்பியும் வைத்திருப்பதால், சரிபார்க்காமல் அந்தக் கோட்டை நம்புவது இங்கே வேறு இடங்களைவிட ஆபத்தானது.

எந்த டெம் எடுத்தா நல்லதுங்க? எல்லாமே முப்பது மீட்டர்னுதான் போட்டிருக்கு.

கட்டத்தின் அளவு ஒன்றாக இருப்பதால் தரம் ஒன்றாகிவிடாது. எஸ்.ஆர்.டி.எம். 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து 11 நாளில் ரேடார் கொண்டு எடுக்கப்பட்டது. ஆஸ்டர், கார்ட்டோசாட்-1 ஆகியவற்றின் உயரத் தரவுகள், ஒரே இடத்தை இரு கோணங்களில் எடுத்த இரட்டைப் படங்களை ஒப்பிட்டுக் கணித்தவை. கார்ட்டோசாட் தரவை இஸ்ரோவின் புவன் தளத்தில் பெறலாம். கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் தரவு, 2010-க்குப் பின் பறந்த டான்டெம்-எக்ஸ் ரேடார் இணையிலிருந்து வந்தது. அதிலிருந்து மரங்களையும் கட்டடங்களையும் கணக்கில் கழித்த ஃபாப்டெம் 2022-இல் வெளிவந்தது.

சமவெளி ஓடைகளுக்கு நான் முதலில் எடுப்பது கோப்பர்நிக்கஸ் அல்லது ஃபாப்டெம். ஆஸ்டரைத் தவிர்க்கிறேன், அதன் மேடுபள்ள இரைச்சல் (தரையில் இல்லாத போலி ஏற்றத்தாழ்வு) நம் சமவெளியின் சரிவையே மூழ்கடித்துவிடுகிறது. ஆனால் இந்தத் தேர்வை என் சொல்லை நம்பிச் செய்ய வேண்டாம். இரண்டு தரவுகளில் கோடுகளை எடுத்து, கீழே சொல்லும் முறைகளில் இரண்டையும் சோதித்து, எது உங்கள் வடிநிலத்துக்குப் பொருந்துகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

எங்க தோட்டத்துப் பள்ளத்தை உட்டுப்போட்டு நூறு கெஜம் தள்ளிக் கோடு போகுதுங்களே, ஏனுங்க?

முதற் காரணம் தட்டையான நிலம். 300 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் நிலத்தில், பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களின் உயர வேறுபாடு 10 சென்டிமீட்டர்தான். எஸ்.ஆர்.டி.எம். உயரத்தை முழு மீட்டரில் மட்டுமே எழுதி வைத்திருக்கிறது. ஆகவே அத்தகைய நிலத்தில் பத்துக் கட்டம் வரை ஒரே எண்ணாக வரும், நீர் எந்தப் பக்கம் போகும் என்பதை மென்பொருள் தானாக ஒரு விதி வைத்துத் தீர்மானிக்கும். அளவீட்டுப் பிழையோ சில மீட்டர். பத்து சென்டிமீட்டர் வேறுபாட்டை, மீட்டர் கணக்கில் தவறும் அளவுகோலால் தேடுகிறோம் என்பதை மறக்கக் கூடாது.

இரண்டாவது தென்னை. நம் பக்கத்தில் ஈரம் உள்ள இடம் பள்ளக்கரைதான், தென்னையை அங்கேதான் வைக்கிறோம். வளர்ந்த தென்னை 15 முதல் 20 மீட்டர் உயரம் இருக்கும். ரேடாரும் இரட்டைப் படமும் அந்த உயரத்தில் ஒரு பங்கைத் தரையோடு சேர்த்துவிடுகின்றன. அதனால் உண்மையில் தாழ்ந்த பள்ளம் தரவில் மேடாகவும், அருகே சோளம் விதைத்த மேட்டாங்காடு (நம் பக்கத்தில் 'காடு' என்றால் விளைநிலம்) தாழ்வாகவும் தெரிகிறது. கோடு தோப்பைச் சுற்றிக்கொண்டு காட்டுக்குள் போகிறது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் இந்தப் பிழையை மிகுதியாகப் பார்க்கலாம். கோடு விலகும் இடத்தின் செயற்கைக்கோள் படத்தைத் திறந்தாலே தோப்பின் விளிம்பு தெரிந்துவிடும்.

சரியா தப்பானு எதோட வெச்சு ஒப்பிடறது? டோப்போஷீட் போதுமா?

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடம் நல்ல தொடக்கம், ஆனால் அதுவே இறுதி அளவுகோல் ஆகாது. அந்த அளவில் அரை மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர். வரைந்தவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அதற்குள் கோடு தள்ளி இருக்கலாம். சிறு ஓடைகளில் எதை வரைவது, எதை விடுவது என்பது ஒவ்வொரு தாளிலும் வரைந்தவரின் முடிவைப் பொறுத்தது. இரண்டு தாள்கள் சேரும் விளிம்பில் ஓடைகள் திடீரென அடர்வதையோ குறைவதையோ கண்டிருப்பீர்கள்.

ஒப்பிடும் முன் ஒரு வேலையை அவசியம் செய்ய வேண்டும். டோப்போஷீட்டில் வாய்க்காலும் நீல நிறம், ஓடையும் நீல நிறம். காலிங்கராயன் வாய்க்கால் 13-ஆம் நூற்றாண்டிலிருந்து ஆற்றைப் போலவே வளைந்து ஓடுகிறது. பெயர் பார்க்காமல் கோடுகளை மட்டும் எடுத்தால் அதுவும் இயற்கை ஓடையாகக் கணக்கில் ஏறும். வெட்டிய வாய்க்கால்களைத் தனியே பிரித்த பிறகே ஒப்பிடுங்கள். வருவாய்த் துறையின் கிராம வரைபடமும் புல வரைபடமும் ஓடைப் புறம்போக்கைப் புல எண்ணோடு காட்டுவதால் சிறு பள்ளங்களுக்கு அவை டோப்போஷீட்டைவிட உதவும். அவற்றுக்கும் மேலான சான்று நடந்து பார்த்த தடம். அதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

எத்தனை சதவீதம் ஒத்துப்போனா பாஸ்?

ஒரே சதவீதமாகச் சொல்லாதீர்கள். குறைந்தது இரண்டு வேண்டும். உண்மை ஓடைகளில் எவ்வளவு நீளத்தை நம் கோடு கண்டுபிடித்தது என்பது முழுமை. நம் கோடுகளில் எவ்வளவு நீளம் உண்மையில் ஓடையாக இருக்கிறது என்பது சரித்தன்மை. எடுத்துக்காட்டாக, சான்று வரைபடத்தில் 40 கிலோமீட்டர் ஓடை இருந்து, அதில் 34 கிலோமீட்டர் நம் கோட்டின் இருபுறமும் குறித்த அகலத்துக்கு வரைந்த பட்டைக்குள் விழுந்தால் முழுமை 85 சதவீதம். நாம் வரைந்தது 50 கிலோமீட்டராக இருந்து, அதில் 35 மட்டும் சான்றைச் சுற்றிய பட்டைக்குள் விழுந்தால் சரித்தன்மை 70 சதவீதம்.

எவ்வளவு இருந்தால் போதும் என்பது வேலையைப் பொறுத்தது. வடிநிலத்தின் மொத்தப் பரப்பைக் கணக்கிட வந்தவருக்குக் கோடு 60 மீட்டர் தள்ளிப் போனால் பெரிய இழப்பில்லை. தடுப்பணை கட்ட இடம் தேடுபவருக்கு அதே 60 மீட்டர், அணை இன்னொருவர் காட்டுக்குள் போய் நிற்கும் தொலைவு.

பட்டை எவ்வளவு அகலம் வைக்கறது? நூறு மீட்டர் வெச்சா எங்களுக்கு நல்ல மார்க் வருது.

மதிப்பெண் வருவதால்தான் வைக்கக் கூடாது. ஒரு சதுர கிலோமீட்டரில் 2 கிலோமீட்டர் ஓடை இருப்பதாகக் கொள்ளுங்கள். இருபுறமும் 100 மீட்டர் பட்டை போட்டால் அகலம் 200 மீட்டர். பட்டை மூடும் பரப்பு 0.4 சதுர கிலோமீட்டர். அதாவது கண்ணை மூடிக்கொண்டு எங்கே கோடு இழுத்தாலும் 40 சதவீதம் 'சரி' என்று வந்துவிடும். 30 மீட்டர் பட்டை வைத்தால் இந்தத் தற்செயல் பங்கு 12 சதவீதமாகக் குறைகிறது.

ஒரு கட்டத்தின் அளவையும் சான்று வரைபடத்தின் பிழையையும் கூட்டிப் பார்த்து, 30 முதல் 60 மீட்டருக்குள் வைப்பது நியாயம். 15, 30, 60, 90 என்று பல அகலங்களுக்குக் கணக்கிட்டு வளைகோடாக வரைந்து காட்டுவது அதைவிட நேர்மையானது. தற்செயல் பங்கையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

கட்டம் கட்டமா ஒப்பிட்டோம், 94 சதவீதம் வந்திருக்குங்க. அப்புறம் என்ன?

மேலே சொன்ன அதே நிலத்தில் 30 மீட்டர் கட்டங்கள் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1,100 இருக்கும். ஓடை தொடும் கட்டங்கள் 70-க்குள். ஓடையே வரையாத வெற்றுப் படமும் 94 சதவீதம் வாங்கும். ஓடை இல்லாத கட்டங்கள் இந்த எண்ணை நிரப்புகின்றன. ஓடைக்கு இந்தக் கணக்கு பயன்படாது. நீளக் கணக்குக்கே திரும்புங்கள்.

எத்தனை கட்டம் சேர்ந்தா ஓடைனு வரம்பு வைக்கறது? 100, 500, 1000 எல்லாம் சொல்றாங்க.

100 கட்டம் என்றால் 9 ஹெக்டேர், நம் கணக்கில் சுமார் 22 ஏக்கர். 1000 கட்டம் என்றால் 220 ஏக்கருக்கும் மேல். வெள்ளியங்கிரி, சிறுவாணி மலைச்சரிவில் 22 ஏக்கர் நிலத்து மழை ஒரு நீர்த்தடத்தை அறுத்துக்கொண்டு இறங்கப் போதும். காங்கேயம், தாராபுரம் பக்கத்து வறண்ட மேட்டாங்காட்டில் 200 ஏக்கர் சேர்ந்தும் தடமே இல்லாத இடங்கள் உண்டு. எனவே மலைக்கும் சமவெளிக்கும் ஒரே வரம்பு வைப்பதுதான் பெரும்பாலான படங்களில் நான் காணும் முதற் குறை.

வடிநிலத்தை மலை, அடிவாரம், சமவெளி என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் சில ஓடைத் தலைகளை (ஓடை தொடங்கும் இடங்களை) நேரில் கண்டு, அவற்றுக்கு மேலுள்ள பரப்பை அளந்து வரம்பை முடிவு செய்யுங்கள். ஓடைப் படிநிலையை (கிளைகள் சேரச் சேர ஓடைக்கு உயரும் வரிசை எண்ணை) ஒப்பிடுவதையும் இதே காரணத்தால் எச்சரிக்கையோடு செய்ய வேண்டும்: வரம்பை மாற்றினால் நான்காம் நிலை ஓடை ஐந்தாம் நிலையாகிவிடும், தரையில் எதுவும் மாறியிருக்காது.

குளம், வாய்க்கால், ரோட்டு மேடு இதெல்லாம் இருக்கற இடத்துல கோடு கோணலா போகுதே?

இங்கேதான் நம் நாட்டுக்கு உரிய சிக்கல் இருக்கிறது. நொய்யலில் அணைக்கட்டுகள் நீரைத் திருப்ப, ராஜவாய்க்கால்கள் குளத்துக்குக் கொண்டுபோக, நிரம்பிய குளம் அடுத்த குளத்துக்கு விட, கடைசியில் மிச்சம் ஆற்றுக்கே திரும்பும் தொடர் அது. எஸ்.ஆர்.டி.எம். தரவில் 600 மீட்டருக்கு மேல் நீளமுள்ள நீர்நிலைகளைத் திருத்தும்போதே தட்டையாக்கிவிட்டார்கள். உக்கடம் பெரியகுளம் போன்ற பரப்புகளில் கோடு அளவுகோல் வைத்து இழுத்தாற்போல நேராக ஓடுவது அதனால்தான். நீர் உண்மையில் வெளியேறுவது கலிங்கு எனும் மிகைநீர்ப் போக்கி வழியாக. மென்பொருளோ கரையில் எங்கே எண் குறைவோ அங்கே உடைத்துக்கொண்டு போகும். ஆகையால் குளத்துக்குள் இருக்கும் கோட்டை நீளக் கணக்கில் சேர்க்காதீர்கள்; உள்ளே வரும் இடமும் வெளியேறும் இடமும் சரியா என்பதை மட்டும் தனியே சோதியுங்கள்.

கீழ்பவானி வாய்க்கால் பவானிசாகரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் சமஉயரக் கோட்டை ஒட்டிப் போகிறது. வழியில் பல ஓடைகள் அதன் அடியிலோ மேலோ கட்டுமானம் வழியாகக் கடக்கின்றன. மேலிருந்து பார்க்கும் தரவுக்கு அடிவழி தெரியாது. கரை உயரமான தடுப்பாகத் தெரியும், அதனால் ஓடை கரையோரமாகத் திரும்பி, பல நூறு மீட்டர் போய், வேறொரு ஓடையில் சேர்வதாக வரையப்படும். இரயில் மேட்டிலும் நெடுஞ்சாலையிலும் சிறுபாலங்களுக்கு முன்னால் இதே கதைதான். நிரப்புவதற்குப் பதிலாக, தடுப்பை ஓரிரு கட்டம் அறுத்துக்கொண்டு போகும் முறையைப் பயன்படுத்தினால் இவற்றில் பெரும்பகுதி சரியாகும். பாலங்களின் இருப்பிடம் கையில் இருந்தால் அங்கே மட்டும் அறுப்பது இன்னும் நல்லது.

ட்ரோன் விட்டு அரை மீட்டர் டெம் எடுத்துட்டா இந்தப் பிரச்சினையெல்லாம் தீர்ந்துடுங்களா?

சில தீரும், சில கூடும். 30 மீட்டர் கட்டத்தில் காணாமல் போன வரப்பும், சாலை விளிம்பும், சிறுபாலத்தின் மேல்தளமும் அரை மீட்டரில் தெளிவான தடுப்புகளாக எழுந்து நிற்கும். இரு பக்கமும் வேலி வைத்த இட்டேரி (தோட்டங்களுக்கு இடையே போகும் பாதை) பல இடங்களில் காட்டைவிடத் தாழ்ந்திருக்கும்; நுண்ணிய தரவு அதை ஓடையாகவே வரையும். பெருமழையில் இட்டேரியில் நீர் ஓடுவதும் உண்மை என்பதால், அதைப் பிழை என்று அழிக்காமல் தனி வகையாகக் குறிப்பதே முறை. ட்ரோன் படத்தால் தோப்புக்கு அடியில் உள்ள தரையைப் பார்க்க முடியாது; அதற்கு லேசர் அளவீடு வேண்டும்.

டோப்போஷீட் ஓடையை டெம்முல பள்ளமா வெட்டிட்டு அப்புறம் எடுத்தோம். 98 சதவீதம் ஒத்துப்போச்சு!

அந்த 98 எதையும் நிறுவவில்லை. டோப்போஷீட் கோட்டை நீங்களே தரவில் வெட்டிவைத்துவிட்டு, மீண்டும் அதே டோப்போஷீட்டோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். ஓடையைத் தரவில் பதிப்பது தவறான வேலை இல்லை; வெள்ளக் கணக்குக்கு அது பல நேரம் தேவைப்படும். ஆனால் பதிக்கப் பயன்படுத்திய சான்று ஒன்றாகவும், சோதிக்கும் சான்று வேறாகவும் இருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் ஓடைக் கோப்பை எடுத்தாலும், அதுவே ஏதோ ஒரு டெம்மிலிருந்து எடுத்ததா என்று முதலில் பாருங்கள்.

நீளம் மட்டும் எப்பவும் கூடவோ குறையவோ வருதுங்களே?

எதிரெதிரான இரண்டு பிழைகள் ஒரே கோட்டில் வேலை செய்கின்றன. எட்டுத் திசைகளில் மட்டும் அடி வைக்கும் முறையில், திசைகளுக்கு நடுவே சாய்ந்து போகும் நேரான ஓடை படிக்கட்டாகி, அதிகபட்சம் 8 சதவீதம் நீளும். கட்டத்தைவிடச் சிறிய வளைவுகளோ காணாமல் போய் நீளம் குறையும். இரண்டும் ஈடுகட்டிக்கொண்டு மொத்த நீளம் தற்செயலாகப் பொருந்தும் வடிநிலங்கள் உண்டு. மொத்த நீளம் பொருந்துவதைத் துல்லியத்துக்குச் சான்றாக ஏற்க வேண்டாம்.

மலையிலகூட எல்லாக் கோடும் ஒரே பக்கமாத் தள்ளி நிக்குது. தென்னைகூட இல்லையே அங்கே?

எங்கும் ஒரே திசையில், ஒரே அளவு விலகல் இருந்தால் அது உயரத் தரவின் பிழையாக இருப்பது அரிது. பழைய டோப்போஷீட்டுகள் எவரெஸ்ட் கோளம் என்ற பழைய பூமி வடிவ அளவீட்டை அடிப்படையாகக் கொண்டவை; டெம்கள் ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ்.84 என்ற அளவீட்டை. மாற்றாமல் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் நம் பகுதியில் நூறு மீட்டருக்கும் மேல் விலகும். வரைபட ஆயங்களுக்காக உலகைத் தீர்க்கரேகை வாரியாகப் பிரித்த யூ.டி.எம். மண்டலத்தையும் பாருங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு 43-ஆம் மண்டலம்; 78 டிகிரி தீர்க்கரேகையைத் தாண்டிய கரூர், நாமக்கல், சேலம் நகரங்கள் 44.

நீளத்துல ரெண்டே சதவீதம்தான் பிழை, ஆனா ஆறு வேற கடலுக்குப் போகுதுன்னு காட்டுது. இதை எப்படிங்க கணக்குல எழுதறது?

இது நான் கேட்டவற்றுள் மிகக் கூர்மையான கேள்வி. பாலக்காட்டுக் கணவாயை ஒட்டி, நொய்யலுக்கும் வாளையாற்றுக்கும் இடையிலும், பொள்ளாச்சிப் பக்கம் ஆழியாற்றுக்கும் கிழக்கே அமராவதிக்கும் இடையிலும், நீர்ப்பிரிமேடு பல இடங்களில் கண்ணுக்கே தெரியாத ஏற்றம்தான். வாளையாறும் ஆழியாறும் பாரதப்புழையோடு அரபிக்கடலுக்குப் போகின்றன. நொய்யலும் அமராவதியும் காவிரியோடு வங்கக்கடலுக்கு. அங்கே ஒரு கட்டத்தின் உயரம் இரண்டு மீட்டர் தவறினால், அதற்கு மேலுள்ள முழுப் பரப்பும் கடல் மாறிவிடும். நீளக் கணக்கு இதைக் காட்டாது.

ஆகவே இணைப்பை நீளத்திலிருந்து பிரித்துச் சோதியுங்கள். ஓடைகள் கூடும் இடங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் சரியான தாய் ஓடையில் சேர்கிறதா என்று எண்ணுங்கள். அடுத்து, சில புள்ளிகளில் மேல்வடிநிலப் பரப்பை நம்பகமான வேறொரு பரப்போடு ஒப்பிடுங்கள். பவானியே நல்ல சோதனை: தமிழகத்தில் பிறந்து, மேற்கே கேரளத்துக்குள் போய், அட்டப்பாடியில் சிறுவாணியைச் சேர்த்துக்கொண்டு, மீண்டும் கிழக்கே திரும்பி வருகிறது. உங்கள் கோட்டில் அந்தத் திருப்பம் முறிந்திருந்தால், மற்ற சதவீதங்களைப் பார்க்க வேண்டியதில்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் சுரங்கங்கள் திருப்பிவிடும் நீரையும், சிறுவாணியிலிருந்து கோவைக்கு வரும் குடிநீரையும் எந்த டெம்மும் காட்டாது. அது கோட்டின் குற்றமில்லை.

பழைய படத்துல பள்ளம் இருக்கு, டெம்முலயும் இருக்கு, தரையில மட்டும் இல்லை. எது பிழை?

ஒருவேளை எதுவுமே பிழையில்லை. பள்ளத்தை மூடி மனை போட்டிருக்கலாம், உழுது சமப்படுத்தியிருக்கலாம். இரண்டு சான்றுகளும் ஒத்துப்போய்த் தரை மட்டும் மாறுபட்டால், அந்தத் துண்டைத் 'தவறாக வரைந்தது' என்று கழிக்காமல் 'மறைந்தது' என்று தனியே எழுதுங்கள். அடுத்த பெருமழையில் நீர் தேடி வரும் வழி அதுவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் நீலக் கோட்டை மட்டும் காட்டி ஒருவரை ஆக்கிரமிப்பாளர் என்று சொல்லாதீர்கள். அதற்குப் புல வரைபடமும் நில அளவரும் வேண்டும். 30 மீட்டர் கட்டம் ஒரு குடும்பத்தின் வீட்டைவிடப் பெரியது.

நடந்து பார்க்கணும்னு சொல்றீங்க, எப்போ போறது, என்ன குறிக்கறது?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, சீமைக்கருவேலம் தழைத்துத் தடத்தை மூடும் முன் போங்கள். எங்கே போவது என்பதை வசதிக்காகத் தேர்ந்தெடுக்காமல், மலை, சமவெளி, குளத்தோரம், ஊர் என்று பிரித்து ஒவ்வொன்றிலும் குலுக்கல் முறையில் புள்ளிகள் எடுங்கள். மொத்தம் நூறு புள்ளிகள் இருந்தால், ஐந்தாவது கேள்வியில் சொன்ன சரித்தன்மையை ஏறத்தாழ 10 சதவீதம் கூடக்குறைய என்ற உறுதியோடு சொல்லலாம். ஒரே ஓடையில் பக்கம் பக்கமாக எடுத்த புள்ளிகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதால், இடைவெளி விட்டு எடுங்கள். திறந்த வெளியில் கைப்பேசியின் இருப்பிடப் பிழை 5 மீட்டர் அளவில் இருக்கும், இந்த வேலைக்கு அது போதும்.

புள்ளியில் நின்றதும் முதலில் காலடியைப் பாருங்கள். நீர் ஓடிய தடத்தில் மண் சலித்த மணலாக இருக்கும், பக்கத்துக் காட்டில் கட்டியாக இருக்கும். வேலி முள்ளில் செத்தையும் சோளத்தட்டும் பிளாஸ்டிக் பையும் ஒரே மட்டத்தில் சிக்கியிருந்தால், அது வெள்ளம் தொட்ட உயரம். முழங்காலா இடுப்பா என்று எழுதுங்கள். செத்தையின் நுனி சாய்ந்திருக்கும் பக்கம் நீர் போன திசை. அங்கே ஆடு மேய்ப்பவரோ தோட்டத்துக்காரரோ இருந்தால், "பெருமழைக்குத் தண்ணி எங்கீங்க போகும்?" என்று கேட்டு, அவர் கைகாட்டும் திசையையும் தனிக் கட்டத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நீலக் கோடு எங்கே இருக்கிறது என்பதை, இவற்றையெல்லாம் எழுதி முடித்த பிறகே கைப்பேசியில் திறந்து பாருங்கள்.